டீ குடிக்காத மேடம்

போன மாதம் ராமநாதபுரத்தில், நான் வேலை பார்த்த அறக்கட்டளையின் வட்டார அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வுபெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இப்போது நிதி கேட்டு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வருகின்றன. அதுவே மார்க் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தும் கொடுத்துவிடுகிறது. நான் குறை சொல்லவில்லை. கட்டுக்கட்டாகப் பேப்பர் சுமந்து எங்களுக்கு முதுகு வலிதான் மிச்சம். ஆனால் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க காலத்துல எதை வச்சு மார்க் போட்டீங்க?" என்று கேட்டபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு கேள்வி, ஒரு டீ. அவ்வளவுதான்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ரிட்டயர்டு கேஸ், தமாஷ் பண்ணுகிறது என்று நினைத்திருப்பார்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் விளக்கிச் சொல்லவும் முடியவில்லை. அந்தக் கடனுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற குடும்பம். மதுரையில் சமூகப்பணி படித்தேன், இரண்டு மூன்று இடங்களில் அரைகுறைச் சம்பளத்துக்கு அலைந்தேன், பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். சென்னையில் தொழில் நடத்தும் ஒரு குடும்பம் தன் லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி நடத்தும் அறக்கட்டளை இது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கண்மாய், மீன்பிடி ஊர்கள் என்று பல காரியங்களுக்கும் நிதி கொடுப்பார்கள். கேட்டு வருபவர்களின் விண்ணப்பத்தைப் படிப்பது, நேரில் போய்ப் பார்ப்பது, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வது, கொடுத்தபின் காரியம் நடக்கிறதா என்று கவனிப்பது, இவ்வளவும் எங்கள் பிரிவின் வேலை. கடைசி ஆண்டுகளில் அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைவி. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் எனக்கு முன் தலைவியாக இருந்த மெஹர் மேடத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற கூச்சம் எனக்குப் போகவே இல்லை.

மெஹருன்னிசா மேடம் கீழக்கரைக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் துபாயில். அவர் மட்டும் ஊரோடு இருந்துவிட்டார். மெல்லிய குரல். அதட்டி ஒரு நாளும் கேட்டதில்லை. பிரியமாக இருந்தால் "பஞ்சு, இங்க வாம்மா" என்பார். கோபம் வந்தால் "பஞ்சவர்ணம் அவர்களே, வாருங்கள்" என்பார். அந்த "அவர்களே" காதில் விழுந்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

விண்ணப்பத்தை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். "முன்னாடி இருக்கறது நமக்காக எழுதுனது. பின்னாடி அவங்க ஊரு இருக்கும்" என்பார். 'விழிப்புணர்வு' என்ற வார்த்தை ஒரு பக்கத்தில் மூன்றாவது முறை வந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருவார். ஒரு விண்ணப்பத்தை மறுப்பதென்று முடிவானால் அன்றைக்கே அவர்களுக்குத் தெரிய வேண்டும், காரணத்தோடு தெரிய வேண்டும். "இல்லைன்னு சொல்றது தப்பில்ல பஞ்சு. காக்க வச்சு இல்லைன்னு சொல்றோம் பாரு, அதுதான் பாவம்." இதை நான் என் காலத்திலும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது களப்பயணம். அதில் அவருக்கு இரண்டு வழக்கம். ஒன்று, எந்த ஊருக்குப் போனாலும் எல்லாரும் பேசி முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது வந்தா யாருக்கு நஷ்டம்?" யாருக்கு லாபம் என்றால் ஆயிரம் பேர் கை தூக்குவார்கள். நஷ்டம் என்றால் ஊரே வானத்தைப் பார்க்கும். மேடம் பதில் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, முடிவு சொல்லும்வரை கேட்டு வந்தவர்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரும் டப்பாவில் சாப்பாடும் வந்துவிடும். நம் பக்கத்தில் வீடு தேடி வந்தவர் ஒரு வாய் நனைக்காமல் போனால் எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எல்லாருக்கும் தெரியும். மேடத்துக்குத் தெரியாதா?

அந்த அவமரியாதை முதலில் என் சொந்தச் சித்தப்பாவுக்கே நடந்தது. எங்கள் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து, மிளகாய் காயப்போட ஒரு சிமெண்டுக் களம் கேட்டிருந்தார்கள். அண்ணன் மகளின் ஆபீசர் வருகிறார் என்று சித்தப்பா வெள்ளி டம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினார். மேடம் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, கண்ணில் ஒற்றாத குறையாகத் திரும்பக் கொடுத்து, "முடிவானதும் நானே கேட்டு வாங்கிக் குடிப்பேன்ணே" என்றார். சித்தப்பா முகம் செத்துவிட்டது. "எங்க வீட்டுக் காப்பியில என்னம்மா குத்தம்?" என்று என்னைத்தான் முறைத்தார்.

அப்புறம் அந்தக் கேள்வி. ஊரில் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒரே குரலில் சொன்னார்கள். மேடம் வேப்பமரத்தடியில் அசையாமல் இருந்தார். வெயில் ஏறி, ஆட்கள் ஒவ்வொருவராக எழத் தொடங்கியபோது ஆட்டுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். களம் வரப்போகிற பொட்டலில்தான் அவர் வருஷம்தோறும் ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறாராம். "களம் வரட்டும் தாயி. என் ஆட்டை மட்டும் எங்கன கொண்டுபோக?" என்றார். களத்தைப் பொட்டலின் மேற்கு ஓரத்தில் கட்டுவது என்று பேசியதும் சிக்கல் தீர்ந்தது. அன்றைக்கே மேடம் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்று, "அண்ணே, எங்க என் காப்பி?" என்றார். சித்தப்பா சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படியே கடற்கரை வரைக்கும் பேர் பரவிவிட்டது. டீ குடிக்காத மேடம். குடித்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

இனி ஒரு கடினமான விஷயத்துக்கு வருகிறேன். வாலிநோக்கம் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊர். அங்கே பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கரையிலிருந்து தள்ளி இருக்கும் பாறைத்திட்டுகளில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்ப்பார்கள். ஏஜண்டுகள் அதைக் காயவைத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். கரையேறினால் உப்புத் தண்ணீரைக் கழுவவும் துணி மாற்றவும் மறைவு இல்லாமல் தவித்தவர்களுக்கு, எங்கள் நிதியில் குளியலறையும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட ஒரு கொட்டகை கட்டிக் கொடுத்திருந்தோம். இப்போது அவர்கள் கேட்டது ஒரு படகு.

கேட்டதில் நியாயம் இருந்தது. பாறைத்திட்டுக்குப் போக அவர்கள் செபஸ்தியான் என்பவரின் வாடகைப் படகைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை ஏற்றப் போய்விடுவார். ஒரு நாள் திடீரென்று காற்று திரும்பிக் கடல் எழும்பியபோது, இறக்கிவிட்டவர் திரும்பி வரும்வரை பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் கைகோத்து நின்றிருக்கிறார்கள். அதில் அந்தப் பெண்களின் சங்கத் தலைவி ராக்கம்மாவின் மருமகளும் ஒருத்தி. கரைக்கு வந்தவள் மறுபடி கடலில் இறங்க மாட்டேன் என்று பல நாள் அழுதாளாம். "போட்டு பக்கத்துலயே நின்னா போதும் மேடம். பயம் இருக்காது" என்றார் ராக்கம்மா. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மேடம் வழக்கம்போலக் கேட்டார்: "இது வந்தா யாருக்கு நஷ்டம்?"

ராக்கம்மா வானத்தைப் பார்க்கவில்லை. நேரே கையை நீட்டி நீலப் பெயிண்ட் அடித்த வீட்டைக் காட்டினார். "செபஸ்தியான் அண்ணனுக்கு."

நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். செபஸ்தியான் வலையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தார். "எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட ராம்நாட்டுல இருந்து காரு பிடிச்சு வந்தீகளா?" என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டார். மேடம் அவர் திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுக்கொண்டார். திரும்பும்போது காரில், "கோவம் நியாயமானது. அதை எழுதிக்க" என்று மட்டும் சொன்னார்.

பெரிய தொகை என்பதால் விண்ணப்பம் சென்னைக்குப் போனது. அங்கேதான் சனியன் பிடித்தது. முதலில் கட்டிய கொட்டகை எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பினார்கள். அவர் போன அன்று கொட்டகையில் ஒரு ஈ காக்கை இல்லை. உள்ளே ஒரு ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆட்டைப் பல கோணத்தில் படம் எடுத்து, 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதிவிட்டார். கொட்டகையே வீண், இதில் படகு வேறா என்று அறங்காவலர் குழு கேட்டது.

நடந்தது என்னவென்றால், அந்தப் பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், அவ்வளவுதான் கடலில் இறங்குவார்கள். மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாட்களில் விறகைக் கரியாக்கும் மூட்டத்துக்கோ கருவேலம் வெட்டவோ போவார்கள். ஆபீசில் தேதி குறிப்பவர்கள் திங்கள், செவ்வாய் பார்ப்பார்களே தவிர நிலாவையா பார்ப்பார்கள்? மதிப்பீட்டாளர் சரியாக இரண்டுக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறார்.

மேடம் இதை விளக்கி எழுதினார். குழுவுக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல சாக்கு என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. கடைசியில் மூத்த அறங்காவலர் நாராயணன் சார் தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் வெளிநாடு கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. நான் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அதுவும் பெண்கள் இறங்காத, கடல் மூடிய நாள்.

பெண்களின் சங்கத்துக்கு எழுத்து வேலை செய்து கொடுத்த தொண்டு நிறுவனச் செயலாளர் ஜெயபால் மறுநாளே ஓடி வந்தார். நானும் அவரும் ஊருக்குப் போனோம்.

"அக்கா, ரெண்டு மணி நேரம். ரெண்டே மணி நேரம் எல்லாரும் கடல்ல எறங்கிட்டு வந்து கொட்டாயில குளிங்க. பெரியவர் பார்த்துட்டுப் போயிருவாரு. போட்டு வந்துரும்" என்று ராக்கம்மாவிடம் கெஞ்சினார்.

"எறங்க மாட்டோம் தம்பி."

"ஒரு நாளைக்குத்தானக்கா!"

"ஒரு நாளைக்குத்தானன்னு இன்னைக்கி நான் எறங்குனா, நாளைக்கி வயித்துக்கு இல்லைன்னு இன்னொருத்தி எறங்குவா. அப்ப நான் எந்த வாயை வச்சு அவளைக் கேக்க?" என்றார் ராக்கம்மா.

"போட்டு போயிரும்க்கா."

"போனாப் போகுது. கழுத்தளவு தண்ணியில நிக்கத் தெரியாதவுகளா நாங்க?" சொல்லும்போது அவர் கண் கலங்கியது. மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு ராக்கம்மா மேல் கோபமும் வந்தது, கும்பிடவும் தோன்றியது. ஆபீசுக்கு வந்து மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "மாஷா அல்லாஹ். எறங்கியிருந்தா நானே இந்த விண்ணப்பத்தைத் தள்ளியிருப்பேன் பஞ்சு" என்றார்.

"இப்ப என்ன செய்றது மேடம்? பெரியவர் வந்து எதைப் பார்ப்பாரு, அந்த ஆட்டையா?"

"வந்து பார்க்கட்டும். செபஸ்தியானைக் கொட்டகைக்கு வரச் சொல்லு."

"அவரையா? அந்த ஆளு காரியத்தையே கெடுத்துருவாரு!"

"பஞ்சவர்ணம் அவர்களே" என்றார். நான் செபஸ்தியானுக்கு ஆள் அனுப்பினேன்.

நாராயணன் சார் வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் வயதானவர், கைத்தடி ஊன்றி நடப்பார், அளந்து பேசுவார். ஜெயபால் மனசு கேட்காமல் கொட்டகையில் மேஜை போட்டு இளநீரைச் சீவி வரிசையாக வைத்திருந்தார். மேடம் தன் வழக்கத்தைக் காரிலேயே சாரிடம் சொல்லிவிட்டிருந்தார் போல. அவர் இளநீரைப் பார்ப்பதும் நெற்றியைத் துடைப்பதுமாக இருந்தார். பெண்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் வெறிச்சென்று கிடந்தது.

"இவ்வளவு பேர் இருக்கீங்க. கடல்ல ஒருத்தரையும் காணோமே" என்றார் சார்.

ராக்கம்மா கட்டுப்பாட்டைச் சொன்னார். சார் தலையை ஆட்டினார். நம்பிய தலையாட்டல் இல்லை அது.

மேடம் திரும்பி, கடைசியில் கைகட்டி நின்ற செபஸ்தியானைக் காட்டினார். "சார், இந்தப் படகு வந்தா நஷ்டப்படப் போறவர் இவர் ஒருத்தர்தான். இவர்கிட்ட நாங்க எதுவும் சொல்லிக் கொடுக்கல. நீங்களே கேளுங்க."

செபஸ்தியான் முதலில் தன் பாட்டைத்தான் பாடினார். எஞ்சினுக்குப் பட்ட கடன், டீசல் விலை, இந்த வாடகையும் போனால் வீட்டில் உலை வைக்க முடியாது, எல்லாம் சொன்னார். ஒவ்வொன்றும் உண்மை. ஜெயபால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா. இவங்க பாதி நாள் கடலுக்கே போறதில்லையாமே? போட்டு வாங்கிக் கொடுத்தா சும்மா கிடக்குமா? வேலைக்குச் சுணங்குறவங்களா இவங்க?" என்று கேட்டார்.

செபஸ்தியானுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சுணங்குறவுகளா? எவன் சார் சொன்னது? பாசி வெலை ஏறுனப்ப ஏஜண்டு வந்து ரெட்டை ரேட்டு தாரேன்னான். நான் போட்டுல டீசல் ஊத்திட்டு, இந்தா இங்கனதான் நின்னேன். வாங்க, ஒரு நாளைக்குத்தான, வாடகை பாதி தந்தாப் போதும்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய்க் கூப்பிட்டேன். மூடுன நாளு, வர மாட்டோம்னுட்டாக. ஒருத்தி வரலை சார்."

பெண்கள் கூட்டத்தைப் பார்த்து முறைத்தார். "எம் பொஞ்சாதியே வரலை சார்!"

கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை இடித்தார்கள். சிரிப்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனது. செபஸ்தியான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே மனத்தாங்கலோடுதான் சொன்னார்.

சார் கைத்தடியை ஊன்றி ஈரமணல் வரை போய் அந்த வெறுங்கடலைப் பார்த்தார். பிறகு திரும்பி, "மெஹர், எனக்குத் தாகமா இருக்கு" என்றார்.

"குடிச்சா முடிவு சொன்ன மாதிரி ஆயிரும் சார்" என்றார் மேடம்.

"தெரிஞ்சுதானே கேக்குறேன்."

மேடம் எழுந்து, தன் கையால் ஒரு இளநீரை எடுத்து அவரிடம் நீட்டினார். அந்தக் கரையில் அதன் அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ராக்கம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மருமகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒப்புதல் கடிதத்தில் மேடம் ஒரு நிபந்தனை சேர்த்தார். புதுப் படகை ஓட்டுகிற வேலையை, சம்பளம் பேசி, முதலில் செபஸ்தியானிடம் கேட்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால்தான் வேறு ஆள். பெண்களுக்குள் இதற்கு எதிர்ப்பு வந்தது. "விட்டுட்டுப் போன ஆளுகிட்டயே மறுபடியுமா?" என்று மருமகள் கேட்டதாகச் சொன்னார்கள். ராக்கம்மாதான் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். செபஸ்தியானும் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு பிறகு வந்தார்.

அந்த வாரமே மேடம் ஆபீஸ் சுவரில் அமாவாசை, பௌர்ணமி போட்ட நாள்காட்டி ஒன்றை மாட்டச் சொன்னார். அதைப் பார்க்காமல் கடற்கரைக்குத் தேதி குறித்தால் 'அவர்களே' நிச்சயம். நான் ஓய்வுபெறும்வரை வருஷம்தோறும் புதிது வாங்கி மாட்டினேன். போன மாதம் போனபோது அந்த ஆணி மட்டும் சுவரில் இருந்தது. இந்தக் கட்டுரையோடு ஒரு நாள்காட்டியும் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

படகு வந்து சில மாதம் கழித்து நாங்கள் மறுபடி போனோம். இந்த முறை கடல் திறந்த நாள். படகு பாறைத்திட்டுப் பக்கத்திலேயே நங்கூரம் போட்டு நின்றது. பெண்கள் முங்குவதும் எழுவதுமாக இருந்தார்கள். மருமகள் எல்லாரையும்விடத் தள்ளிப்போய் முங்கிக்கொண்டிருந்தாள். கரை திரும்பியதும் கொட்டகையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மேடம் கேட்காமலேயே ராக்கம்மா டீ கொண்டுவந்தார். மேடம் வாங்கி ரசித்துக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தபின், பழக்க தோஷம், கேட்டுவிட்டார்.

"சரி, படகு வந்துருச்சு. இப்ப சொல்லுங்க, இதனால யாருக்கு நஷ்டம்?"

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த செபஸ்தியான் தலையை நிமிர்த்தாமலே கையைத் தூக்கினார்.

"எனக்குத்தான் மேடம். முந்தி நான் சொன்னா அவுக கெளம்புவாக. இப்ப அவுக சொன்னாத்தான் நான் கெளம்ப முடியுது."